வலப்பக்கப் பின் கதவு

புதன்கிழமை பின்னேரம் றெஜினோல்ட் அந்தக் கதவை இரண்டு 'டக்' கேட்கும்வரை தள்ளிச் சாத்திவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான். அதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. வியாழன் காலை வேலைக்குப் போகும் வழியில் கராஜைத் திறந்து எட்டிப் பார்த்தபோது, கதவு முதலாவது 'டக்'கில் நின்றது. காரைப் பற்றித் தெரியாத ஒருவர் பார்த்தால் கதவு பூட்டித்தான் இருக்கிறது என்பார். மற்றக் கதவுகளைவிட அது ஒரு நகத்தின் அளவுக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். உள்ளே கூரை விளக்கு, பற்றறி இறங்கிப்போய், மங்கிய மஞ்சளில் எரிந்துகொண்டிருந்தது.

அவன் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கார் இருபது வயதுக் கார். பூட்டுத் தேய்ந்தால் கதவு அப்படித்தான் செய்யும். பதினாலு வருடமாக ஸ்டுட்கார்ட்டில் ஊரார் கார்களைக் கழற்றிப் பூட்டியே சாப்பிடுகிறவன், அதற்கு முன் மன்னாரில் லொறிக்குக் கீழே படுத்துக் கிடந்து தொழில் பழகியவன், ஒரு கதவுக்குப் பயப்படுவதா? அன்று பின்னேரமே பழைய கார் உடைக்கிற இடத்துக்குப் போய், அதே மாதிரிக் காரிலிருந்து தேயாத பூட்டு ஒன்றைக் கழற்றிவந்து பொருத்தினான். சாத்தினான். இரண்டு 'டக்'. வெள்ளி காலை போய்ப் பார்த்தான். ஒரு 'டக்'.

இப்போது சனிக்கிழமை, மதியம் ஒரு மணி. ஐந்து மணிக்குக் காரை வாங்குவதற்கு ஆட்கள் வருகிறார்கள். கார்ல்ஸ்ரூஹேயில் கம்ப்யூட்டர் வேலை செய்கிற இந்தியத் தமிழ்ப் பொடியன் ஒருவன், பெயர் கிரிதர். மனைவியும் ஒன்றரை வயதுக் குழந்தையும் கூட வருகிறார்கள். அதற்குள் இந்தக் கதவு சாத்தினால் சாத்தினபடி நிற்க வேண்டும்.

காரை விற்கச் சொன்னவள் பிறேமா. இரண்டு வருடமாக அவள் அந்தக் காரைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. வீட்டுக்குப் பின்னால் கராஜ்கள் வரிசையாக இருக்கும் முற்றத்துக்கு இறங்கியதுகூட இல்லை. போன வாரம் ஆத்துமாக்கள் திருநாளுக்கு மகளின் கல்லறையில் சிவப்பு விளக்கு ஏற்றிவிட்டு பஸ்ஸில் திரும்பும்போதுதான், கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி வாய் திறந்தாள்.

"இஞ்சேருங்கோ. நத்தாருக்கு முதல் அந்தக் கார் இஞ்ச நிக்கக்கூடாது. குசினிக்க நிண்டா அந்தக் கராஜ் தகரம்தான் கண்ணில குத்துது. எனக்கு இனி ஏலாது."

"ஓம், பிறேமா," என்றான் அவன். வேறு என்ன சொல்ல முடியும்? அவள் கேட்டதெல்லாம் அவ்வளவுதான்.

மகளின் பெயர் வெரோனிக்கா. வீட்டில் வெரோ. எட்டு வயது. 2003 ஆவணியில், ஜெர்மனியிலுள்ள தமிழ்க் கத்தோலிக்கர் எல்லாரும் கேவலார் மாதாவிடம் போகிற அந்தச் சனிக்கிழமை, இவர்களும் விடியப்புறம் சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். பின் சீற்றில் இடப்பக்கம் கோயிலில் பழக்கமான பற்றிமா அக்கா, வலப்பக்கம் வெரோ. பாதி வழி தாண்டியதும் பிள்ளைக்குக் குமட்டிச் சத்தி வருகிற மாதிரி இருந்தது. பிறேமா முன் சீற்றிலிருந்து திரும்பி, மணக்கச் சொல்லி ஒரு தேசிக்காயைக் கையில் கொடுத்தாள். வயிற்றை நெருக்குது அம்மா என்று பிள்ளை அழ, எட்டி பெல்ற்றையும் கழற்றிவிட்டாள். ஐந்து நிமிடம் இருக்காது. நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் வளைவில் வலப்பக்கப் பின் கதவு திறந்தது.

பிறகு பொலிசிடமிருந்து வந்த கடிதத்தில் எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தது. பூட்டு பழையது, ஆனால் வேலை செய்கிறது. பிள்ளைப் பூட்டு போடப்படவில்லை. பெல்ற் கழற்றியிருந்த பிள்ளை உள்கைபிடியை இழுத்துக் கதவைத் திறந்திருக்கக்கூடும். அந்தக் கடிதத்தை றெஜினோல்ட்தான் பிறேமாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினான்.

அதன்பிறகு, பெல்ற் தாயின் தலையில். கைபிடி பிள்ளையின் தலையில். தகப்பன் தலையில் ஒன்றுமில்லை. பூசை முடிந்ததும் சனம் வந்து அவன் கையைப் பிடித்து, "நீ என்ன தம்பி செய்வாய், கடவுள் சித்தம்" என்று சொல்லும். அவன் தலையை ஆட்டுவான். பிறேமா ஒவ்வொரு இரவும் மகளின் படத்துக்கு முன்னால் நின்று, "ஏன் பிள்ளை இழுத்தனீ? ஏனடி செல்லம் இழுத்தனீ?" என்று கேட்பாள். பக்கத்து அறையில் படுத்திருக்கிறவன் அதையும் கேட்டுக்கொண்டு கிடப்பான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுப்பதென்றால் எவ்வளவோ நல்லது. அவனுடையது இரண்டு வருடமாகச் சத்தமே இல்லாமல் கிடந்தது.

அவன் கராஜின் தகரக் கதவை முக்கால்வாசி இறக்கிவிட்டு, பற்றறி விளக்கைக் கூரைக் கம்பியில் கொளுவினான். கார்த்திகை மாதக் குளிர் சீமெந்துத் தரையிலிருந்து சப்பாத்துக்குள்ளால் ஏறியது. பழைய எண்ணெய், ஈரமான அட்டைப்பெட்டி, தூசி ஏறிய சீற் துணி எல்லாம் சேர்ந்த வாசம். வெளியே பக்கத்து வீட்டுக் கிழவர் சருகு கூட்டுகிற சத்தம் வந்துகொண்டிருந்தது, அதனால் மனதுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது.

வைத்தியர் நோயாளியைப் பார்க்கிற மாதிரி ஒன்றிலிருந்து தொடங்கினான். முதலில் பிணைச்சல். கதவைப் பாதி திறந்து, கீழ் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தான். பிணைச்சல் தேய்ந்திருந்தால் கதவு ஒரு விரல் அளவுக்கு ஆடும், பிறகு பூட்டு முளைக்கு நேரே வராது. ஆடவில்லை. அடுத்தது றப்பர் விளிம்பு. ஒரு கடதாசித் துண்டை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி, மெதுவாக இழுத்தான். எல்லா இடத்திலும் ஒரே இறுக்கம். அடுத்தது பூட்டு. அதன் வாய்க்குள் ஒரு இரும்புக் கொக்கி இருக்கும். கார் உடம்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் முளையை அந்தக் கொக்கி சுழன்று கவ்வும். பாதி சுழன்றால் ஒரு 'டக்', அது வெறும் தற்காப்புக்கு. முழுக்கச் சுழன்றால் இரண்டாவது 'டக்', அதுதான் பூட்டு. கதவு திறந்திருக்கும்போதே கொக்கியைத் திருப்புளியால் தள்ளிப் பார்த்தான். டக். டக். கைபிடியை இழுத்தான், விட்டது. பத்துத் தடவை செய்தான். பத்துத் தடவையும் சரி.

கடைசியாக முளையில் விரலால் மெல்லிசாகக் கறுப்புக் கிறீஸ் தடவினான். கொக்கி எந்த இடத்தில் படுகிறது என்று கிறீஸ் காட்டிக்கொடுக்கும். கதவைச் சாத்தினான். டக். தோளால் தள்ளினான். ஒன்றுமில்லை. இடுப்பால் இடித்தான். கதவு உள்ளே போக மறுத்தது. நடுவில் ஏதோ மெத்தென்று தடுப்பதுபோல் இருந்தது.

"ஆடத் தெரியாதவள் முற்றம் கோணல் எண்டாளாம்," என்று தன்னையே நக்கலடித்துக்கொண்டு கதவைத் திறந்தான். சிரிக்கத்தான் பார்த்தான், சிரிப்பு வரவில்லை.

அப்போதுதான் கதவின் விளிம்பில் இருந்த பிள்ளைப் பூட்டைக் கண்டான். சின்ன நெம்பு, அரை விரல் நீளம் இருக்கும். மேலே தள்ளிவிட்டால் உள்ளே இருக்கிறவர் எவ்வளவு இழுத்தாலும் கதவு திறக்காது. கீழே விட்டால் திறக்கும். அது மேலே இருந்தது. வியாழக்கிழமை புதிய பூட்டைப் பொருத்தியபோது அவன் அதைக் கீழே விட்டிருந்தான். நன்றாக ஞாபகம். வெள்ளிக்கிழமையும் மேலே இருந்தது, கை தவறிப் பட்டிருக்கும் என்று கீழே தள்ளினான்.

இப்போதும் கீழே தள்ளினான். துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, வேலை வாங்கில் கிடந்த சாவியை எடுக்கத் திரும்பினான். பின்னால் மிகச் சின்னதாக ஒரு சத்தம். பேனையின் மூடியைப் போடுகிற அளவுக்குச் சின்னச் சத்தம். திரும்பிப் பார்த்தான். நெம்பு மேலே இருந்தது.

வெளியே சருகு கூட்டுகிற சத்தம் நின்றுவிட்டிருந்தது. எப்போது நின்றது என்று அவனுக்குத் தெரியவில்லை. காருக்குள்ளிருந்து ஒரு மணம் வந்தது. எண்ணெய் இல்லை, தூசி இல்லை. விரல் நகத்தால் கீறிய பச்சைத் தேசிக்காய்த் தோலின் மணம். அவன் மூக்கைப் பொத்தவில்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அதை இழுத்து இழுத்து மணந்தான். கண் கலங்கியது. ஒரு கணம் பயம்கூட இல்லை. பிள்ளையின் உள்ளங்கை மணம் அது.

கைத்தொலைபேசி அடித்தது.

"ஹலோ, ரெஜினால்ட் சாரா? கிரிதர் பேசறேன். கிளம்பிட்டோம் சார், ஃப்ரெண்ட் டிராப் பண்றார். அஞ்சு மணிக்குள்ள வந்துடுவோம்."

"ஓம். வாங்கோ."

"ஒரு சின்ன டவுட் சார். பாப்பா சீட்டைப் பின்னாடி ரைட் சைட்ல ஃபிட் பண்ணலாம்னு இருக்கோம். அந்தப் பக்கம் ஓகேதானே?"

அவன் அந்தப் பக்கத்தைப் பார்த்தான். சீற்றின் துணியில் ஒரு குழி இருந்தது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது.

"இடப்பக்கம் போடுங்கோவன்."

"இல்ல சார், ரைட் சைடுதான் நடைபாதை பக்கம். இறக்கறதுக்கு சேஃப்னு என் வைஃப் நிவேதிதா சொல்றா."

"அந்தக் கதவு கொஞ்சம்... நான் இன்னும் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்."

"நீங்க மெக்கானிக், நீங்க பார்த்தா போதும் சார். உங்களை நம்பித்தான் வர்றோம்." பின்னால் குழந்தை ஏதோ மழலை சொல்லியது. தாய் சிரித்தாள். தொடர்பு அறுந்தது.

உங்களை நம்பித்தான். பிறேமாவும் அன்றைக்கு அவனை நம்பித்தான் ஏறினாள்.

அவன் முளையைப் பார்க்கக் குனிந்தான். கிறீஸ் அடையாளம் எங்கே விழுந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும், அதுதான் வேலை, அதை மட்டும் பார்ப்போம் என்று நினைத்தான். விளக்கைக் கிட்டக் கொண்டுவந்தான்.

முளையில் கிறீஸ் இல்லை. முளையைச் சுற்றி றப்பர் இருந்தது. சைக்கிள் ரியூப்பில் வெட்டிய கறுப்புப் பட்டி. இரண்டு சுற்று. நுனியை உள்ளே மடித்துச் செருகியிருந்தது. அப்படி மடித்துச் செருகுகிறவன் உலகத்திலேயே ஒருவன்தான்.

மன்னாரில் சண்டைக் காலத்தில் உதிரிப்பாகம் என்று ஒன்றும் வராது. அங்கே தொழில் பழகியவனுக்குச் சைக்கிள் ரியூப்தான் சஞ்சீவி. ஒழுகினால் ரியூப், ஆடினால் ரியூப், கத்தினால் ரியூப். கேவலாருக்குப் போக முதல்நாள், பின் கதவு கடகடக்குது, பிள்ளை நித்திரை கொள்ளமாட்டாள் என்று பிறேமா சொல்ல, அவன் தேய்ந்த பூட்டை மாற்றாமல் முளையில் இரண்டு சுற்று ரியூப் சுற்றினான். கடகடப்பு நின்றது. கதவு பொத்தென்று, பஞ்சில் விழுகிற மாதிரிச் சாத்தியது. "பாத்தியோ, புதுக் கார் மாதிரி," என்று பெருமை வேறு. இரண்டாவது 'டக்' கேட்கிறதா என்று அவன் காது கொடுக்கவில்லை. றப்பரின் தடிப்பில் கொக்கி முழுக்கச் சுழலாது என்பது அவனுக்குத் தெரியாததா? பூட்டிய அடையாளத்தோடு, பூட்டாத கதவு. அதற்குப் பக்கத்தில் பிள்ளையை இருத்தி, பிள்ளைப் பூட்டையும் தன் கையாலேயே மேலே தள்ளிவிட்டு, முந்நூறு கிலோமீற்றர் ஓடினான்.

அதுவாவது பிழை என்று சொல்லலாம். மனிதன் பிழை விடுவான். அதற்குப் பிறகு செய்ததற்குப் பெயரில்லை.

கார் நின்றதும் பிறேமா கத்திக்கொண்டு பின்னால் ஓடினாள். பற்றிமா அக்கா, முழங்கால் ஏலாதவள், அவளும் ஓடினாள். தகப்பன் முதலில் ஓடியது கதவுக்கு. பொலிஸ் வரும், எழுதும், வழக்குப் போடும். பதினொரு வருடம் வெளிநாட்டார் கந்தோரின் வாசலில் காத்து நின்று, கடைசியில் பிரஜாவுரிமைக்குக் கொடுத்த அன்ராக் படிவம் அங்கே மேசையில் கிடக்கிறது. அவன் இதையெல்லாம் யோசித்தான் என்று சொல்வதற்கில்லை. பொலிசைக் கண்டு ஒளித்தே பழகிய அவனுடைய கை யோசித்தது. ரியூப்பை உரித்துப் பொக்கற்றில் வைத்தது. நெம்பைக் கீழே தள்ளியது. அப்போதுதான் உள்கைபிடி வேலை செய்யும். அப்போதுதான் கதவைப் பிள்ளை திறந்ததாகும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தான். பிறகுதான் மகளிடம் ஓடினான்.

அந்த ரியூப்பை அன்றே துண்டு துண்டாக வெட்டி ஆசுப்பத்திரிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டான். அது இல்லை. அது இருக்க முடியாது.

அவன் அதை உரித்தான். சூடாக இருந்தது. கையில் வைத்திருந்த சூடு.

எறிந்தான். நெம்பைக் கீழே தள்ளினான். விளக்கை நெம்புக்கு நேரே பிடித்துக்கொண்டு, கண் இமைக்காமல் நின்றான். இமைக்காமல் எவ்வளவு நேரம் நிற்க முடியும்?

இமைத்தான்.

நெம்பு மேலே. அதில் கறுப்பாக ஒரு கிறீஸ் அடையாளம். விரல் நுனி. ரேகைகூடத் தெரிந்தது. தன் பெருவிரலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். அவனுடையதில் பாதி இல்லை.

முளையில் ரியூப். இரண்டு சுற்று.

அவனுக்கு விளங்கியது. கதவு பழுதாகவில்லை. யாரோ அதைத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். அவன் மாற்றி வைத்த ஒவ்வொன்றையும் எடுத்து, அந்தக் காலையில் இருந்த இடத்திலேயே வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பொறுமையாக. கோபமில்லாமல். வீட்டுப்பாடத்தில் பிழையை அழித்துச் சரியாக எழுதுகிற மாதிரி.

அவன் தொலைபேசியை எடுத்தான்.

"தம்பி கிரிதர். வராதையுங்கோ."

"சார்? பாதி வழி தாண்டிட்டோமே..."

"திரும்பிப் போங்கோ. கார் விக்கேல்லை. இந்தக் காரில பிள்ளையை ஏத்தக்கூடாது. ஒரு பிள்ளையையும் ஏத்தக்கூடாது. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, இறக்கிய தகரக் கதவுக்குக் கீழே இரண்டு கால்கள் தெரிந்தன. வீட்டுச் செருப்பு, கம்பளிக் காலுறை. தகரம் மெல்ல மேலே எழும்பியது. பிறேமா நின்றாள். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக முற்றத்துக்கு இறங்கியிருக்கிறாள். கையில் காரின் பத்திரங்கள் வைத்த உறை. அவளுக்குப் பின்னால் நாலரை மணிக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"ஏன் விக்கேல்லை எண்டனீங்கள்?"

"பிறேமா, நீ மேல போ. குளிருது."

"ஏன் பிள்ளையளை ஏத்தக்கூடாது?"

பொய் சொல்ல வாய் தயாராகத்தான் இருந்தது. இரண்டு வருடப் பழக்கம். ஆனால் அவள் உள்ளே வந்து, திறந்திருந்த கதவைப் பார்த்தாள். முளையைப் பார்த்தாள். குனிந்து, மூக்கைச் சுளித்து, மணந்தாள். அவள் முகம் உடைந்தது. அந்த முகத்துக்கு முன்னால் அவனால் முடியவில்லை.

சொன்னான். ரியூப்பைச் சொன்னான். நெம்பைச் சொன்னான். பொக்கற்றைச் சொன்னான். முதலில் எங்கே ஓடினான் என்பதையும் சொன்னான். சொல்லி முடிக்கும்போது சீமெந்தில் முழங்காலில் இருந்தான்.

"அவள் இழுக்கேல்லை, பிறேமா. இழுத்தாலும் திறந்திராது. நான்தான்."

பிறேமா அழவில்லை. அழுதிருந்தால் நல்லது. உறை கையிலிருந்து விழுந்தது.

"ஒவ்வொரு நாளும் அவளிட்ட கேட்டனான்," என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "ஏன் இழுத்தனீ, ஏன் இழுத்தனீ எண்டு. என்ர பிள்ளை என்னெண்டு பதில் சொல்லுவாள்? நீங்கள் மற்ற அறைக்க கிடந்து கேட்டுக்கொண்டுதானே இருந்தனீங்கள்."

"பிறேமா..."

"பெல்ற்றைக் கழட்டினவள் நான் எண்டு நான் செத்துச் செத்துப் பிழைச்சனான். நீங்கள் தலையைத் தடவி ஆறுதல் சொன்னனீங்கள்."

அவன் முழங்காலில் இருந்தபடியே விழுந்த உறையை எடுத்தான்.

அப்போது கதவு தானாக இன்னும் ஒரு சாண் திறந்தது. காற்று இல்லை. பிணைச்சல் முனகவில்லை. ஒருவர் ஏற இடம் விடுகிற மாதிரி, மரியாதையாகத் திறந்து நின்றது. உள்ளே சீற்றின் துணி மெல்ல நகர்ந்து, வலப்பக்கத்துக் குழி நடுப்பக்கத்துக்குப் போனது.

"பிறேமா, ஏறாதை."

அவள் அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டுக்குள் போகிறவள்போல ஏறி இருந்தாள்.

"வெரோ," என்றாள். "அம்மா வந்திட்டன், குஞ்சு. அம்மா இனிக் கேக்கமாட்டன்."

கதவு சாத்தியது.

டக்.

டக்.

இரண்டாவது 'டக்' சுத்தமாக, முழுசாகக் கேட்டது. அவன் பாய்ந்து கைபிடியை இழுத்தான். அசையவில்லை. முன்பக்கம் ஓடினான். இடப்பக்கம் ஓடினான். நாலு கதவின் பூட்டுக் குமிழும் ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே இறங்கின. சாவியைப் போட்டான். சுழன்றது. எதுவும் திறக்கவில்லை. பத்தாயிரம் கதவு திறந்த கை.

பிறேமா மடியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பாவாடைத் துணி மடியில் பாரமாக அமிழ்ந்திருந்தது. வலது கை காற்றில் ஒரே இடத்தைத் தடவிக்கொண்டிருந்தது. தலையைக் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டாள். களைத்துப்போய்ப் பிரயாணம் போகிறவள்போல.

கண்ணாடியில் அவள் வாய்க்கு நேரே மூச்சுப் படலம் படிந்தது. வெள்ளையாக, வட்டமாக. அதற்குக் கீழே, ஒரு சாண் கீழே, இன்னொன்று படிந்தது. சின்னது.

"பிறேமா! கதவைத் திற! பிறேமா!"

பெரிய படலம் சுருங்கியது. திரும்ப விரிந்தது. முன்னைவிடக் கொஞ்சம் சிறிதாக.

அவன் வாங்கிலிருந்து சுத்தியலை எடுத்தான். கண்ணாடிக்கு நேரே ஓங்கினான். சின்னப் படலம் நகர்ந்தது. சுத்தியல் விழப்போகிற இடத்துக்கு நேரே வந்து நின்றது. அதற்குள் ஒரு மூக்கின் நுனி அமுங்கிய அடையாளம். இரண்டு பக்கமும் இரண்டு உள்ளங்கைகள்.

அவனுடைய கை இறங்கவில்லை.

இடப்பக்கக் கண்ணாடிக்கு ஓடினான். ஓங்கினான். அங்கேயும் வந்தது. பின் கண்ணாடி. அங்கேயும். முன் கண்ணாடி. சுத்தியலுக்கு முன்னால் எப்போதும் அந்த முகம். ஒருமுறை மகளிடம் ஓடாமல் கதவுக்கு ஓடியவன். இனி அவளுடைய முகத்தில் எப்படி அடிப்பான்?

அடிக்க வேண்டும். அடித்தால் காற்று உள்ளே போகும், பிறேமா பிழைப்பாள்.

வலப்பக்கத்துக்குத் திரும்பி வந்தான். பிறேமாவின் கை தடவுவதை நிறுத்திவிட்டிருந்தது. கண் திறந்திருந்தது. மேலே இருந்த படலம் ஒரு காசளவுக்கு வந்திருந்தது. பிறகு ஒரு பொட்டளவு. அவன் பார்த்துக்கொண்டு நிற்கவே கண்ணாடி அந்த இடத்தில் முழுக்கத் தெளிந்தது. அவன் காத்திருந்தான். திரும்பப் படியவில்லை.

சுத்தியல் இன்னும் தலைக்கு மேலே இருந்தது. அதற்கு நேரே, கண்ணாடியின் மறுபக்கத்தில், சின்னது மட்டும் விரிந்து சுருங்கி, விரிந்து சுருங்கி, நித்திரைக்குப் போகிற பிள்ளையின் மூச்சாக மெல்ல மெல்ல ஆறிக்கொண்டு வந்தது.